ஐந்து நட்சத்திரப் பையன்கள் எங்கே போனார்கள்?

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்ற சிறு நகரம். என்.எஃப்.எல். என்ற தொழில்முறை ஃபுட்பால் லீகின் 32 அணிகள், கல்லூரியில் இருந்து வரும் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' அன்று அங்கே தொடங்கியது. டென்னசி டைட்டன்ஸ் அணி முதல் ஆளாக எடுத்தது கேம் வார்ட் என்பவரை. இரண்டாவது ஆளாக டிராவிஸ் ஹன்ட்டரை எடுத்தது ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ்.

இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? ஹன்ட்டர் ஜார்ஜியா மாநிலத்தில் ஹைஸ்கூல் முடிக்கும்போதே ஐந்து நட்சத்திர வீரர். அவர் வயதுப் பையன்களில் நாட்டிலேயே முதல் ஆள் என்று சொன்ன பட்டியல்களும் உண்டு. கேம் வார்ட் டெக்சாஸில் ஹைஸ்கூல் முடித்தபோது அவருக்குக் கிடைத்த நட்சத்திரம் எத்தனை தெரியுமா? பூஜ்யம்! அவரைக் கூப்பிட்டு ஸ்காலர்ஷிப் கொடுத்தது இன்கார்னேட் வேர்ட் என்ற சின்னப் பல்கலைக்கழகம் மட்டும்தான்.

ஆக, முதல் இடம் பட்டியல் கண்டுகொள்ளாத பையனுக்கு. இரண்டாம் இடம் பட்டியல் தலையில் தூக்கி வைத்த பையனுக்கு. அப்படியானால் அந்த நட்சத்திரங்கள் சரியா, தவறா? அமெரிக்காவில் வருஷா வருஷம் நடக்கும் சண்டை இது.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி

இங்கே சொல்வது உலகக் கோப்பைக் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, எறிந்து, மோதி விளையாடும் அமெரிக்கன் ஃபுட்பால். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். இந்த ஆட்டத்தில் தொழில்முறை அணிக்குப் போக ஏறக்குறைய ஒரே வழிதான்: ஹைஸ்கூல், பிறகு கல்லூரி, பிறகு டிராஃப்ட். ஹைஸ்கூல் முடித்துக் குறைந்தது மூன்று வருடம் ஆகாமல் என்.எஃப்.எல். யாரையும் எடுக்காது. எனவே எந்தக் கல்லூரி கூப்பிடுகிறது என்பது 17 வயதிலேயே பாதி வாழ்க்கையைத் தீர்மானித்துவிடுகிறது. பெரிய கல்லூரி என்றால் நல்ல கோச், தொலைக்காட்சி, இலவசப் படிப்பு எல்லாம் கிடைக்கும்.

நட்சத்திரம் பிறந்த கதை

கல்லூரி கோச்சுகள் பள்ளிப் பையன்களைத் தேடி அலைவது மிகப் பழைய வழக்கம். பத்திரிகைகள் பள்ளி வீரர்களைப் பட்டியல் போடுவதும் பழசுதான். 'பரேடு' என்ற ஞாயிறு இதழ் 1963 முதல் அகில அமெரிக்கப் பள்ளி அணி என்று ஒன்றை வெளியிட்டது. 1964இல் தேசிய ஒப்புதல் கடிதம் என்ற முறை வந்தது. பையன் ஒரு கல்லூரிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் மற்றக் கல்லூரிகள் ஒதுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அதன் பிறகு பிப்ரவரி மாதத்தின் கையெழுத்து நாள் ரசிகர்களுக்குத் திருவிழா மாதிரி ஆனது.

திருவிழா என்றால் கடை போட ஆள் வரும்தானே? 1970களில் ஃபோர்டு கார் கம்பெனியில் வேலை பார்த்த ஜோ டெரனோவா பொழுதுபோக்காகப் பள்ளி வீரர்களை மதிப்பிட்டு வெளியிட்டார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் சிகாகோவில் தபால் துறையில் வேலை செய்த டாம் லெமிங், காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பையன்களை நேரில் பார்த்து எழுத ஆரம்பித்தார். ('தி பிளைன்ட் சைடு' படம் பார்த்தவர்கள் இவரைப் பார்த்திருப்பார்கள். அதில் அவராகவே வருகிறார்.) 1980களில் ஆலன் வாலஸின் 'சூப்பர்பிரெப்' போன்ற தனி இதழ்கள் வந்தன. நிமிடத்துக்கு இவ்வளவு என்று காசு கட்டி, எந்தப் பையன் எந்தக் கல்லூரிக்குப் போகிறான் என்று கேட்கும் டெலிபோன் சேவைகளும் ஓடின.

பிறகு இணையம் வந்தது. 1998இல் ஜிம் ஹெக்மன் என்பவர் சியாட்டிலில் ரைவல்ஸ் நிறுவனத்தை ஆரம்பித்தார். டாட்காம் குமிழி உடைந்தபோது 2001இல் அது கவிழ்ந்தது. ஷானன் டெர்ரி என்பவரின் குழு மிச்சத்தை வாங்கி மறுபடி ஓட வைத்தது. ஹெக்மன் சும்மா இருக்கவில்லை, ஸ்கவுட் என்று போட்டிக்கு இன்னொன்று தொடங்கினார். 2005இல் ஸ்கவுட்டை ஃபாக்ஸ் வாங்கியது. 2007இல் ரைவல்ஸை யாஹூ வாங்கியது, விலை சுமார் 10 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. டெர்ரி 2010இல் 247 ஸ்போர்ட்ஸ் தொடங்கினார். அதை 2015இல் சி.பி.எஸ். வாங்கியது. 2021இல் அவரே ஆன்3 தொடங்கினார். 2025இல் அந்த ஆன்3, ரைவல்ஸையே வாங்கியது. ஒரு வட்டம் முழுசாகச் சுற்றி முடிந்தது!

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நட்சத்திரங்கள் கோச்சுகளுக்காக உருவாக்கப்பட்டவை அல்ல. காசு கட்டியவர் ரசிகர். மாதம் பத்து டாலர் கொடுத்து, 'நம்ம கல்லூரிக்கு இந்த வருஷம் எத்தனை ஐந்து நட்சத்திரம்?' என்று பார்ப்பவருக்கு நீளமான அறிக்கை தேவையில்லை. ஹோட்டலுக்குப் போடுவது போல ஒன்று முதல் ஐந்து வரை போட்டால் போதும். ஒரு பையனின் வேகம், உடம்பு, மூளை, குணம், அவன் வீட்டு நிலைமை எல்லாம் ஒரே எண்ணுக்குள் அடங்கியது இப்படித்தான்.

சரி, கணக்குக்கு வருவோம்

நட்சத்திரங்களைக் கிண்டல் செய்பவர்கள் வழக்கமாகச் சில பெயர்களை அடுக்குவார்கள். பட்டியல் நிஜமாகவே அசத்தலானது.

ஜே.ஜே. வாட்: இரண்டு நட்சத்திரம். சென்ட்ரல் மிச்சிகனில் சேர்ந்து, பிடிக்காமல் விலகி, பீட்சா டெலிவரி செய்து, விஸ்கான்சின் பல்கலைக்கழக அணியில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேர்ந்தவர். என்.எஃப்.எல்.லின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை 2012, 2014, 2015 என மூன்று முறை வாங்கினார்.

காலில் மேக்: இவரும் இரண்டு நட்சத்திரம். பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஆடினார். அதே விருது 2016இல் இவருக்கு.

ஜோஷ் ஆலன்: கலிபோர்னியாவில் ஃபயர்பா என்ற விவசாய ஊர்ப் பையன். பெரிய கல்லூரி எதுவும் கூப்பிடவில்லை. ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்ந்து, நாடு முழுக்க கோச்சுகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கடைசியில் இடம் கொடுத்தது வயோமிங். 2024 பருவத்தில் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருது அவருக்குத்தான்.

இதைப் படித்தால் 'ரேட்டிங் எல்லாம் சும்மா' என்றுதான் தோன்றும். ஆனால் அவசரப்பட வேண்டாம். எதிர்ப்பக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும். ரைவல்ஸ் பட்டியலில் 2002 முதல் 2014 வரை ஒவ்வோர் ஆண்டும் நாட்டிலேயே முதலிடம் பெற்ற பையன் பிறகு என்ன ஆனார்?

2002 – வின்ஸ் யங் – முதல் ரவுண்டு, 3ஆவது ஆள்
2003 – எர்னி சிம்ஸ் – முதல் ரவுண்டு, 9
2004 – ஏட்ரியன் பீட்டர்சன் – முதல் ரவுண்டு, 7
2005 – டெரிக் வில்லியம்ஸ் – மூன்றாம் ரவுண்டு
2006 – பெர்சி ஹார்வின் – முதல் ரவுண்டு, 22
2007 – ஜிம்மி கிளாசன் – இரண்டாம் ரவுண்டு
2008 – டெரல் பிரையர் – துணை டிராஃப்டில் மூன்றாம் ரவுண்டு
2009 – பிரைஸ் பிரவுன் – ஏழாம் ரவுண்டு
2010 – ரொனால்டு பவல் – ஐந்தாம் ரவுண்டு
2011 – ஜேடிவியான் கிளவுனி – முதல் ரவுண்டு, முதல் ஆள்
2012 – டோரியல் கிரீன்-பெக்கம் – இரண்டாம் ரவுண்டு
2013 – ராபர்ட் நிக்கெம்டிச்சி – முதல் ரவுண்டு, 29
2014 – லெனார்ட் ஃபோர்னெட் – முதல் ரவுண்டு, 4

பதின்மூன்று பேர். பதின்மூன்று பேரையுமே ஏதோ ஓர் அணி எடுத்திருக்கிறது. ஏழு பேர் முதல் ரவுண்டிலேயே.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய இன்னொரு எண் வேண்டும். அமெரிக்காவில் ஒரு வருடத்தில் ஹைஸ்கூல் ஃபுட்பால் ஆடுபவர்கள் சுமார் 10 லட்சம் பேர். நான்கு வகுப்புகளுக்கும் சேர்த்து இந்தக் கணக்கு, எனவே கடைசி வகுப்பில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். டிராஃப்டில் ஏழு ரவுண்டும் சேர்த்து எடுக்கப்படுபவர்கள் சுமார் 260 பேர். அதாவது ஆயிரத்தில் ஒருவர். கண்ணை மூடிக்கொண்டு 13 பையன்களைத் தொட்டால் ஒருவர்கூடத் தேற மாட்டார். ரைவல்ஸ் தொட்ட 13 பேரும் தேறியிருக்கிறார்கள். 17 வயதுப் பையனைப் பார்த்து இவ்வளவு சரியாகச் சொல்வது சாதாரணக் காரியம் இல்லை.

ஆனால் 'எடுக்கப்பட்டார்' என்பது வேறு, 'ஜெயித்தார்' என்பது வேறு. இந்த 13 பேரில் 'புரோ பவுல்' என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர்கள் யங், பீட்டர்சன், ஹார்வின், கிளவுனி என்று நான்கு பேர்தான். லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருது வாங்கியவர் ஒரே ஒருவர், 2012இல் பீட்டர்சன். மற்றவர்களில் பலர் சில வருடங்களிலேயே காணாமல் போனார்கள். வாசல் வரைக்கும் பட்டியல் சரியாகச் சொன்னது. உள்ளே போனபின் என்ன நடக்கும் என்பதை அதனால் அவ்வளவு சரியாகச் சொல்ல முடியவில்லை.

இரண்டு கட்சியும் எப்படிச் சரியாக இருக்க முடியும்?

இங்கேதான் வணிகவியல் மாணவர்களுக்குப் பழக்கமான ஒரு குழப்பம் வருகிறது. விகிதமும் எண்ணிக்கையும் வேறு வேறு.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். (இவை புரிவதற்காகச் சொல்லும் எண்கள்தான்.) ஒரு வருடத்தில் ஐந்து நட்சத்திரப் பையன்கள் 30 பேர். அவர்களில் பாதிப் பேர் டிராஃப்டில் போகிறார்கள், அதாவது 15. குறைந்த நட்சத்திரம் உள்ளவர்கள் 2,000 பேர். அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் போகிறார்கள், அதாவது 100. இப்போது டிராஃப்ட் பட்டியலைப் பார்ப்பவர், 'பாருங்கள், ஐந்து நட்சத்திரம் 15 பேர்தான், சாதாரணப் பையன்கள் 100 பேர்! ரேட்டிங் பொய்!' என்பார். அவர் சொல்லும் எண்ணிக்கை சரிதான். ஆனால் ஐந்து நட்சத்திரப் பையனுக்கு இருந்த வாய்ப்பு மற்றவனைவிடப் பத்து மடங்கு. இதுவும் சரிதான். முதலாமவர் மேலே நின்று கீழே பார்க்கிறார். இரண்டாமவர் கீழே நின்று மேலே பார்க்கிறார்.

ஐந்து நட்சத்திரம் என்பதை இத்தனை பேருக்குத்தான் தருவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. முதல் ரவுண்டில் 32 இடம் என்பதால், 247 ஸ்போர்ட்ஸ் ஐந்து நட்சத்திரத்தையும் வருடத்துக்குச் சுமார் 32 பேருக்கே தருகிறது. 'இவன் முதல் ரவுண்டில் போவான்' என்பதே அந்த நட்சத்திரத்தின் பொருள்.

நட்சத்திரம் பார்க்கத் தவறுவது எதை?

முதலாவது, உடம்பு. 17 வயதில் சிலர் முழு ஆளாக வளர்ந்து முடிந்திருப்பார்கள். சிலர் அப்போதுதான் வளரத் தொடங்குவார்கள். ஆலன் ஹைஸ்கூலில் ஒல்லிப் பையன். வாட் கல்லூரியில் முதலில் ஆடியது பந்து பிடிக்கும் டைட் எண்ட் இடத்தில், புகழ் பெற்றதோ எதிரணிக் குவார்ட்டர்பேக்கை வீழ்த்தும் இடத்தில். சீக்கிரம் வளர்ந்தவனுக்கு நட்சத்திரம் கிடைக்கும். பிறகு வளர்பவனுக்குப் பொறுமைதான்.

இரண்டாவது, இடமும் சூழலும். கேம் வார்டின் பள்ளி அணி ஆடியது விங்-டி என்ற பழைய பாணி. பந்தை எறிவதைவிடக் கையில் கொடுத்து ஓட வைப்பதுதான் அதன் அடிப்படை. எறியவே விடாத அணியில் இருக்கும் குவார்ட்டர்பேக்கின் கையை யார் பார்ப்பார்கள்?

மூன்றாவது, சுற்றி வளைத்த கதை. பெரிய கல்லூரி ஒரு பையனைக் கூப்பிட்டால் அவன் ரேட்டிங் ஏறும். ரேட்டிங் ஏறினால் இன்னும் பல கல்லூரிகள் கூப்பிடும். நிறுவனங்களுக்குக் கிரெடிட் ரேட்டிங் போடுவதிலும் இதே சிக்கல் உண்டு. மதிப்பீடே மதிப்பை மாற்றிவிடுகிறது. ஐந்து நட்சத்திரப் பையன் சொதப்பினால் 'இன்னொரு வருஷம் பார்ப்போம்' என்பார்கள். நட்சத்திரம் இல்லாதவன் சொதப்பினால் பெஞ்சுதான். ஆக, நட்சத்திரக்காரர்கள் அதிகம் ஜெயிப்பதில் ஒரு பங்கு திறமை, ஒரு பங்கு கூடுதலாகக் கிடைத்த வாய்ப்பு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது கடினம்.

இதற்காக ரேட்டிங் போடுபவர்களை மட்டும் திட்ட முடியாது. என்.எஃப்.எல். அணிகள் கோடிகளைக் கொட்டி, 21, 22 வயது ஆனவர்களை அளந்து, ஓடவிட்டு, நேர்காணல் செய்து எடுக்கின்றன. அவர்களே திணறுகிறார்கள். டாம் பிராடியை 2000ஆம் ஆண்டு எல்லா அணிகளும் மாறி மாறித் தாண்டிப் போயின, 199ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவர் ஏழு சூப்பர் பவுல் ஜெயித்தார். ஸ்டெஃபான் டிக்ஸ் ஹைஸ்கூலில் ஐந்து நட்சத்திரம். 2015 டிராஃப்டில் ஐந்தாம் ரவுண்டு வரை யாரும் தொடவில்லை. பிறகு லீகின் முன்னணி ரிசீவர்களில் ஒருவரானார். அங்கே பள்ளிக்கால நட்சத்திரமே சரி, தொழில்முறை மதிப்பீடு தவறு!

கேட் மேஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பேராசிரியர்கள் டிராஃப்டை ஆராய்ந்து 2005 முதல் எழுதினார்கள். (தேலர் 2017இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்.) ஓர் இடத்துக்கு முதலில் எடுக்கப்பட்ட வீரர், அதே இடத்துக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறந்து விளங்கும் வாய்ப்பு எவ்வளவு என்று பார்த்தார்கள். சுமார் 52 சதவீதம்! நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். முதல் சில இடங்களுக்கு அணிகள் மிக அதிக விலை கொடுக்கின்றன என்பது அவர்கள் வாதம்.

விலை ஏறும்போது

தொழில்முறைச் சந்தை ஓரளவு பாடம் கற்றுக்கொண்டது. 2010இல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். 2011இல் புதியவர்களின் சம்பளத்துக்கு வரம்பு வந்தது. அந்த வருடம் முதல் ஆளாகப் போன கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்குச் சுமார் 2.2 கோடிதான். 'இன்னும் ஆடிக் காட்டாதவனுக்கு இவ்வளவா?' என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

கீழே இருக்கும் சந்தை எதிர்த்திசையில் போனது. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 ஜூனில் ஒரு நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம், முதல் ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. முன்பு ரசிகரின் பொழுதுபோக்காக இருந்த நட்சத்திரம் இப்போது விலைச்சீட்டு.

அதன் ஆபத்து ஜேடன் ரஷாடா விஷயத்தில் தெரிந்தது. 2022இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்குப் போக ஒப்புக்கொண்ட குவார்ட்டர்பேக். கல்லூரி ஆதரவாளர்கள் தரப்பில் 1 கோடியே 38.5 லட்சம் டாலர் பேசப்பட்டு, அது கைகூடாமல் போனது. 2023 ஜனவரியில் கல்லூரி அவரை விடுவித்தது. 2024இல் அவர் வழக்குப் போட்டார். ஒரு பள்ளி மாணவன், வருங்காலத்தின் மீது போடப்பட்ட ஒரு பந்தயத்தின் நடுவில் நின்றான்.

முடிவாக

ஆக, பள்ளிக்கால நட்சத்திரம் வெற்றியைச் சொல்லுமா? கூட்டத்தைப் பற்றிச் சொல்லும். முப்பது ஐந்து நட்சத்திரப் பையன்களையும் முப்பது இரண்டு நட்சத்திரப் பையன்களையும் எதிரெதிரே நிறுத்தினால், முதல் கூட்டத்தின் மீதுதான் பணம் கட்ட வேண்டும். ஆனால் அந்த முப்பதில் யார் பீட்டர்சன், யார் ஏழாம் ரவுண்டு என்று அதனால் சொல்ல முடியாது. கூட்டத்துக்குச் சரியான எண்ணைத் தனி மனிதனின் நெற்றியில் ஒட்டும்போதுதான் தப்பு நடக்கிறது.

கடைசியாக ஒரு சம்பவம். 2002இல் ஹைஸ்கூல் முடித்த ஆரன் ராட்ஜர்ஸுக்குப் பெரிய கல்லூரி எதுவும் ஸ்காலர்ஷிப் தரவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பியூட் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்ந்தார். கலிபோர்னியா பல்கலைக்கழக கோச் ஜெஃப் டெட்ஃபோர்டு அங்கே வந்தார். ஆனால் வந்தது ராட்ஜர்ஸைப் பார்க்க அல்ல, அதே அணியில் ஆடிய காரெட் கிராஸ் என்ற டைட் எண்டைப் பார்க்க. அவருக்குப் பந்து எறிந்துகொண்டிருந்த பையன் யார் என்று கேட்டார். அந்தப் பையன் பிறகு நான்கு முறை லீகின் மிக மதிப்புமிக்க வீரர் ஆனார்.

ராட்ஜர்ஸ், வாட், ஆலன், வார்ட் பெயர்களை எல்லாரும் சொல்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் தப்பித்து வந்தவர்கள். இன்னொரு ஊரில், இன்னொரு சின்னக் கல்லூரி மைதானத்தில், எந்தக் கோச்சும் யாரையும் பார்க்க வராத ஒரு நாளில் நன்றாகப் பந்து எறிந்த பையனின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. நட்சத்திரங்கள் எவ்வளவு சரி என்று போடும் கணக்குகளிலும் அவன் வரவே மாட்டான்.